பதினோராம் நம்பருக்குப் பேர் வைத்த மருமகனுக்கு

திருவிடந்தை,
ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்கு அப்புறம்.

மருமகன் ஆல்வினுக்கு உன் அத்தை காசியம்மாள் எழுதுவது. எனக்கு முட்டி வலி, மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. உனக்கும் ஒன்றும் இருக்காது என்று நம்பி மேலே எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ நாலு வாட்டி ‘சரி அத்த, சரி அத்த’ என்று சொல்லிவிட்டு ஐந்தாவது வாட்டி வைத்துவிடுவாய். காகிதம் அப்படி நடுவில் வைக்காது. நான் நாலாங்கிளாஸ் வரைக்கும்தான் படித்தவள், எழுத்து பெரிசு பெரிசாக விழும், அதனால் தாள் கொஞ்சம் கூடிவிட்டது. முழுக்கப் படி.

போன ஞாயிறு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் பேரை முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாரும் ‘நான் அங்கே இல்லை’ என்று சொல்லக் கூடாது பார். நான். என் மருமகள் ஹெலன். என் பேத்தி சிநேகா, கல்யாணப் பெண். மாப்பிள்ளை விஷாலின் அம்மா பிரபாவதி, அணுபுரத்திலிருந்து காரில் வந்தவர். மேக்கப் போடுகிற பெண் அனு, கருங்குழியிலிருந்து ஸ்கூட்டியில் வந்தவள். என் நாத்தனார் வசந்தா, கூப்பிடாமல் வந்தவள். என் அண்ணன், அதாவது உன் நைனா செங்கல்வராயன், இருந்தார் என்று எழுதுகிறேனே தவிர, பிளாஸ்டிக் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். என் மகன் பாலா டூட்டிக்குப் போய்விட்டான், அவனைக் கணக்கில் சேர்க்காதே. யார் எங்கே இருந்தார்கள், என்ன கட்டியிருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதில் எனக்குத் தப்பே வராது என்று உனக்குத் தெரியும்.

மேலே போவதற்கு முன்னால் உன்னிடம் ஒரு குற்றத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். நீ கலர் கம்பெனியில் வேலை செய்கிறாய் என்று உன் நைனா சொன்னபோது, செவுருக்கு அடிக்கிற கலர் என்றுதான் நான் நினைத்தேன். மூன்று வருஷமாக ஊர் முழுக்க அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வெள்ளை ரெண்டு டின்னும் ஜன்னலுக்குப் பச்சை ஒரு டின்னும் கேட்டேன், நீயும் வாயைத் திறக்காமல் கொண்டுவந்து இறக்கினாய். ‘சொந்தக் கம்பெனி சரக்கு, அதான் இவ்வளவு நல்லா நிக்குது’ என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் செவுரைத் தட்டிக் காட்டினேன். கேளம்பாக்கத்துக் கடையில் உன் காசு போட்டு வாங்கினாய் என்பதும், நீ பேர் வைக்கிற கலர் பெண்களின் மூஞ்சிக்கும் உதட்டுக்கும் போடுகிற கலர் என்பதும் போன ஞாயிறுதான் தெரிந்தது.

அன்று காலையில் இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன், சிநேகா வந்து பக்கத்தில் நின்றாள். அவள் செங்கல்பட்டில் ரத்தம் பரிசோதிக்கிற இடத்தில் வேலை செய்கிறவள், ஊசி குத்துகிறபோது யார் கத்தினாலும் கை நடுங்காது. அந்தக் கை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. “ஆயா, ரிசப்ஷனுக்கு மேக்கப் போட்டுப் பாக்க இன்னிக்கு வராங்க. ரெண்டு ஷேடு வெள்ளையா ஏத்திப் போடச் சொல்லி விஷால் அம்மா போன்ல சொல்லிட்டாங்க. அம்மாவும் சரின்னுடுச்சி. போன மாசம் என் கூட வேலை செய்ற பொண்ணு கல்யாணத்துல ஸ்டேஜ்ல யாரு நிக்கிறான்னு எனக்கே தெர்ல. கை ஒரு கலரு, மூஞ்சி ஒரு கலரு. அந்த மாரி என்னைப் பண்ணாங்கன்னா நான் ஸ்டேஜ் ஏற மாட்டேன். சொல்லிட்டேன்” என்றாள். “உங்கம்மாகிட்ட சொல்றதுதானே” என்றேன். “சொன்னேன். மாப்ள வூட்டுக்காரங்க, மொத மொத ஒண்ணு கேக்குறாங்க, எப்படி மாட்டேன்றதுன்னு கேக்குது” என்றாள். ஹெலனைக் குத்தம் சொல்ல மாட்டேன். எங்கள் ஜனத்தில் காட்டு வேலைக்குப் போகாமல் ஆபீசு வேலைக்குப் போகிற சம்பந்தம் இதுதான் முதல். அவளுக்குப் பயம். எனக்கும் பயம்தான், எனக்கு அதை வெளியே காட்டத் தெரியாது.

பத்து மணிக்கு அனு வந்தாள். பெட்டியைத் திறந்தாள் பார், தட்டு மேல் தட்டாக விரிகிறது. நான் பாத்திரக் கடையில் கூட அப்படிப் பார்த்ததில்லை. எங்கள் காலத்தில் ஒரே டப்பா, ஒரே வெள்ளைப் பவுடர், ஊருக்கெல்லாம் அதுதான். மேல் தட்டில் வேற ஏதோ கம்பெனி சாமான் இருந்தது. அதை அனு படித்துக் காட்டினாள். வெளுப்பாக இருக்கிற டியூபுக்கெல்லாம் தந்தம், முத்து, ரோஜா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர். கீழே வர வர பேர் குறைந்துகொண்டே வந்து, கடைசி மூன்றுக்கு ‘டார்க் ஒன்று, டார்க் இரண்டு, டார்க் மூன்று’. பெத்த பிள்ளைகளில் முதல் நாலுக்குப் பேர் வைத்துவிட்டு மீதியை நம்பர் சொல்லிக் கூப்பிடுகிறவர்களை நான் பார்த்ததில்லை. அடுத்த தட்டில் உன் கம்பெனி சாமான். எல்லாம் தமிழில். முன்னால் பேர், பின்னால் ரெண்டு வரி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி நானே படித்தேன். மூன்றாம் நம்பர், ‘இளநீர் வழுக்கை’. பின்னால், ‘இப்போதுதான் வெட்டியது. வெயிலை இன்னும் பார்க்காதது.’ ஆறாம் நம்பர், ‘சம்பா அவல்’. எட்டாம் நம்பர், ‘வறுத்த வேர்க்கடலை’. உதட்டுச் சாயத்தில் ஒன்று, ‘நாவற்பழம் தின்ற நாக்கு’. அதன் பின்னால், ‘மறைத்தாலும் தெரிந்துவிடும்.’ எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்தவர் தோப்பில் நாவற்பழம் தின்றுவிட்டு இல்லவே இல்லை என்று சாதித்து, நாக்கை நீட்டச் சொல்லி மாட்டிக்கொண்டவள் நான். “யாருடி இத்த எழுதனது, நம்மகூட வளந்தவன் மாரி கீது” என்றேன். அப்போதுதான் சிநேகா சொன்னாள், “நம்ம ஆல்வின் மாமாதான் ஆயா. அதான் அவருக்கு வேலையே” என்று. நான் செவுரைப் பார்த்தேன். செவுரு என்னைப் பார்த்தது.

புடவைக் கடையில் வெங்காயத்தோல், பாக்குக் கலர், மயில் கழுத்து, கத்தரிப்பூ என்று நானும் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறேன். ஆனால் அவன் பேரைச் சொல்லிவிட்டுத் துணியை விரித்துவிடுவான். நீ அப்படி இல்லை. பேரைச் சொல்லி, அப்புறம் பின்னால் ரெண்டு வரியில், அது யார் வீட்டுப் பிள்ளை, எங்கே வளர்ந்தது என்று சொல்கிறாய். அதைப் படித்தால் அந்தக் கலரை விட்டுவிட்டு வெறும் கையோடு வர மனசு வராது. நான் உனக்காக ஒரு பேர் யோசித்து வைத்திருக்கிறேன். மீன் வாங்குகிறபோது செவுளைத் தூக்கிப் பார்ப்போமே, அந்தச் சிவப்பு மாதிரி நல்ல சிவப்பு உலகத்தில் கிடையாது. ‘தூக்கிப் பார்த்த செவுள்’ என்று வை. உதட்டில் யாரும் போட மாட்டார்கள் என்று சிநேகா சொல்கிறாள். நீ யோசி.

பிரபாவதி அம்மா வந்தார். நல்ல மரியாதைக்காரர், வாசலிலேயே செருப்பை விட்டார், நான் எழுந்துகொள்வதற்குள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். இத்தனை நல்லவரிடம் எப்படிச் சண்டை போடுவது என்று எனக்கு வருத்தமாகிவிட்டது. முகத்தில் பவுடர் நிறைய, கழுத்தில் வந்து கோடு போட்ட மாதிரி நின்றிருந்தது. “ரெண்டு ஷேடு ஏத்தியே போடும்மா. போட்டோவுல எடுப்பா இருக்கும். என்ன சம்பந்தி, சரிதானே” என்றார். ஹெலன் தலையாட்டினாள். சிநேகா என்னைப் பார்த்தாள். அனு ஆறாம் நம்பரை எடுத்து, ‘சம்பா அவல். லேசான மஞ்சள், லேசான சிரிப்பு’ என்று படித்துவிட்டு, பெண்ணின் வலது கன்னத்தில் ஆரம்பித்து பாதி மூஞ்சிக்குப் போட்டு முடித்தாள். நடுவில் பொட்டிலிருந்து தாடை வரைக்கும் ஒரு எல்லைக் கோடு. “டியூப் லைட்டுல நல்லாத்தான் இருக்கு” என்றார் பிரபாவதி.

இங்கேதான் எனக்குப் பேச ஒரு வழி கிடைத்தது. நாம் என்றைக்காவது டியூப் லைட்டில் பார்த்து ஜாக்கெட் துணி எடுத்திருக்கிறோமா? மேட்சிங் கடைக்குப் புடவையைக் கொண்டுபோய், துணியை வாங்கிக்கொண்டு வாசல் படிக்கு வந்து, வெயிலில் ரெண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்க்காமல் யாராவது கிழிக்கச் சொல்வார்களா? “சம்பந்தியம்மா, பத்து ரூபா ஜாக்கெட் பிட்டையே வெளிய எடுத்தாந்து பாக்குறோம். இது பொண்ணு” என்றேன். அவரே முதலில் எழுந்தார். அவரும் அப்படித்தான் ஜாக்கெட் எடுக்கிறவர். எல்லோரும் தெருவுக்கு வந்தோம், உன் நைனாவைத் தவிர.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். கல்யாணம் ஆகவேண்டும் என்று பெருமாள் கோயிலுக்கு மாலையோடு வந்தவர்கள் வேனை எங்கள் வாசலில்தான் நிறுத்துவார்கள். ஒரு அம்மாவும் மூன்று பெண்களும் இறங்கினார்கள். பாதி மூஞ்சி வெள்ளை, பாதி மூஞ்சி சொந்தக் கலர் என்று சிநேகா வெயிலில் நிற்பதைப் பார்த்து, அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, “பாட்டி, இது என்ன வேண்டுதல்?” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் வசந்தா முந்திக்கொண்டு, “கல்யாண வேண்டுதல்தாம்மா. எங்க பொண்ணுக்கு ஒடனே ஆயிடுச்சி” என்றாள். அந்த மூன்று பெண்களும் அனுவின் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசிப் பெண் போட்டோ வேறு எடுத்துக்கொண்டாள். இனிமேல் அந்தக் கோயிலுக்குப் பாதி மூஞ்சிக்குப் பூசிக்கொண்டு யாராவது வந்தால் அதற்கு வசந்தாதான் பொறுப்பு.

வெயிலில் பார்த்தால் அந்தப் பாதி, சுண்ணாம்படித்த செவுரு மழையில் நனைந்த மாதிரி சாம்பல் பூத்துக் கிடந்தது. உன் சம்பா அவலில் குற்றம் இல்லை, அது வேற யாருடைய கன்னத்திலோ சிரித்துக்கொண்டு இருக்க வேண்டியது. ஹெலன் அழுகிற மாதிரி நின்றாள். நான் அனுவிடம், “மீதி டியூபையும் எடுத்தாந்து பேரைப் படிம்மா, வெயில்லயே கேப்போம்” என்றேன். அவள் வரிசையாகப் படித்துக்கொண்டு வந்து பதினோராம் நம்பரில் நின்றாள். நீ எழுதியதுதான், இருந்தாலும் நான் ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன்: ‘நாலரை மணிக் கருங்கல். சாயங்கால வெயில் விழுந்த கல் இது. கறுப்பு என்று கடந்து போகாதீர்கள், அடியில் செம்பு இருக்கிறது, நின்று பார்ப்பவருக்குத் தெரியும்.’

ஹாரன் அடித்துக்கொண்டிருந்த வேன் டிரைவர் கூடக் கையை எடுத்தான். பிரபாவதிதான் முதலில் வாயைத் திறந்தார். “அதை இன்னொரு தடவ படிம்மா” என்றார். அனு படித்தாள். பிரபாவதி வளையலை மேலே தள்ளிவிட்டு மணிக்கட்டை நீட்டினார். அனு ஒரு சொட்டு வைத்துத் தேய்த்தாள். வைத்த இடம் தெரியவில்லை. “எங்க வீட்டுல சின்ன வயசுலேர்ந்து என்னைக் ‘கொஞ்சம் நிறம் கம்மி’ன்னுதான் சொல்வாங்க. என்ன கம்மின்னு யாரும் சொன்னதில்ல” என்றார். அப்புறம் தன் கைக்குட்டையை எடுத்து, சிநேகாவின் பாதி மூஞ்சியைத் தானே துடைத்தார். “பொண்ணுக்கு இதையே போடு. எனக்கும் இதுவே போடு. விஷால் அப்பா கேட்டா அந்த ரெண்டு வரியை நான் படிச்சுக் காட்டிக்கறேன்” என்றார். சிநேகா என் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள், இப்போதுதான் விட்டாள். நானும் ஹெலனும் சேர்ந்து எத்தனை பேசினாலும் நடக்காதது, நீ மூன்று அங்குல டியூபில் எழுதிய ரெண்டு வரியில் நடந்துவிட்டது. நீ பொய் சொல்லவில்லை. வெளுப்பாக்கும் என்று சொல்லவில்லை. உள்ளதை, உள்ள இடத்தில் தேடி எடுத்து, விலைக்குப் போகிற மாதிரி சொல்லியிருக்கிறாய். ராசா, அது சாமான்ய வேலை இல்லை.

அனு என் கையிலும் ஒரு சொட்டு வைத்தாள். தேய்த்ததும் காணாமல் போய்விட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினேன், காணோம். எழுபத்திரண்டு வயசில், எனக்கு அடியில் செம்பு இருக்கிறது என்று ஒருவன் டப்பாவில் அச்சடித்துச் சொல்ல வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர், உன் மாமா ஜானகிராமன், உயிரோடு இருந்தால் நின்று பார்க்கச் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்குள் வந்தோம். மற்ற நம்பர்களையும் போட்டுப் பார்க்க ஒரு கை வேண்டும் என்றாள் அனு. உன் நைனாவின் கை நாற்காலியிலிருந்து சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு கோடு போட்டாள், இளநீர் வழுக்கையிலிருந்து கருங்கல் வரைக்கும். துடைப்பதற்குள் அவர் எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டார். அங்கே கேட்டவர்களிடம் எல்லாம் ‘கொசு மருந்து ஏதோ பூசியிருக்காங்க’ என்றாராம்.

இத்தனை நல்ல நாளில் வசந்தா சும்மா இருந்திருக்கலாம். “பரவால்ல அண்ணி, கருங்கல்லு ஆயிட்ட” என்றாள். அது போதும் எனக்கு. “அன்னிக்கு சட்டியடின்னு சொன்ன வாயாச்சே இது” என்றேன். “நான் எப்ப சொன்னேன்? அன்னிக்கு நான் வரவே இல்ல, எனக்கு ஜொரம்” என்கிறாள். ஆல்வின், நீ கேள். ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், பங்குனி மாசம், வெள்ளிக்கிழமை. கருங்குழிக்கு மேற்கே எங்கள் அப்பா வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எட்டுப் பேர். நான் கதவு இடுக்கில் பார்த்தேன். கத்தரிப்பூக் கலர் புடவை கட்டியவள், வசந்தாதான் வேற யார், மூன்று வடை தின்றுவிட்டு நாலாவதை இலையில் மடித்துக்கொண்டாள். சந்தில் நின்று யாரோ ‘பொண்ணு இன்னா கலரு’ என்று கேட்க, ‘சட்டியடிக் கலரு’ என்று தாழ்ந்த குரலில் பதில் வந்து, எல்லோரும் சிரித்தார்கள். கத்தரிப்பூப் புடவையும் அங்கேதான் தெரிந்தது. கல்யாணம் ஆகி வந்த பின்னாலும் எட்டு வருஷம் அந்த வீட்டில் ‘சட்டியடி எங்க, சட்டியடி வந்துதா’ என்றுதான் கூப்பிட்டார்கள். சொன்னதையாவது இந்த வயசில் மன்னித்திருப்பேன். சொல்லவே இல்லை, வரவே இல்லை என்று என் ஞாபகத்தையே பொய்யாக்குகிறாள் பார், அதை மன்னிக்க மாட்டேன்.

கல்யாணம் ஆவணி பத்தொன்பது, மாமல்லபுரத்து மண்டபத்தில். ஒரு நாள் முன்னாலேயே வந்துவிடு. உன் கை எழுதுகிற ஒவ்வொரு பேரும் விற்றுப் போகட்டும், உன் கம்பெனி உனக்கு மேசையும் ஜன்னலும் தரட்டும், உனக்கு வருகிற பெண் எந்த நம்பராக இருந்தாலும் நீ நின்று பார்க்கிறவனாக இரு. பெருமாளும் உங்கம்மா கும்பிடுகிற மாதாவும் உன்னைக் காப்பாற்றட்டும். எல்லோரையும் நான் வாழ்த்துகிறேன், ஒருத்தியைத் தவிர. அவள் பேர் வசந்தா.

இப்படிக்கு,
அத்தை காசியம்மாள்

பின்குறிப்பு: இதை மடித்து, தபால் பெட்டியில் போடச் சொல்லி உன் நைனாவிடம் கொடுத்தேன். அவருக்குத்தான் எதையும் படிக்காமல் போடத் தெரியாதே. வாசலில் நின்று முழுக்கப் படித்துவிட்டுத் திரும்பி வந்தார். “காசி, வசந்தா அன்னிக்கு வரலம்மா. அதுக்கு ஜொரம்தான். கத்தரிப்பூப் பொடவ கட்டிகினு வந்தது அவங்க சித்தி. சட்டியடின்னு சொன்னது அதுவும் இல்ல. நான்தான்” என்றார். என் மாமனார் இவரைச் சந்தில் நிறுத்தி, மறைக்காமல் சொல்லு என்று கேட்டாராம், இவர் சொன்னாராம். “கூடப் பொறந்தவளப் பத்தி ஏன்ணா அப்படிச் சொன்ன?” என்றேன். “நான் பெருமையாத்தான் சொன்னேன். அந்த வருசம் மழ இல்ல, எங்கியும் நடவு இல்ல. எத்தினி வூட்டுல சட்டி அடி வெளுத்துக் கெடந்திச்சி, உனக்கு ஞாபகம் இல்லயா? அடி கருத்த சட்டின்னா அந்த வூட்டுல தெனமும் அடுப்பு எரியிது. நீ எங்க வேல செஞ்சாவது எங்களுக்குக் கஞ்சி காச்சி ஊத்தின. அதான் அப்படிச் சொன்னேன். அவங்க சிரிச்சிட்டாங்க” என்றார். “இத்த அப்பவே அவங்ககிட்ட சொல்றதுதானே” என்றேன். “யாரும் கேக்கல” என்கிறார்.

பேனாவில் எழுதியதை அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும், மேலே வசந்தா பேரை நீயே மனசில் அடித்துக்கொள். அவளுக்கும் ஒரு பதினோராம் நம்பர் அனுப்பு, நான் சொன்னதாகச் சொல்லாதே. உனக்கு இந்த வேலை எங்கிருந்து வந்தது என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. பேர் வைப்பதில் உன் நைனாவும் கெட்டிக்காரர்தான். ஆனால் டப்பாவின் முன்னால் இருக்கிற பேரை மட்டும் ஊருக்குச் சொல்லிவிட்டு, பின்னால் எழுத வேண்டிய ரெண்டு வரியை ஐம்பத்திரண்டு வருஷம் தன் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார். அதனால் நான் மன்னிக்கவே மாட்டாத ஆளின் பேரைத் திருத்தி எழுதுகிறேன்: செங்கல்வராயன்.